சைக்கிளுக்கும் அளவு பார்க்கணும்!

"அம்மா, ஏத்தத்துல மிதிக்கவே முடியலே. இனிமே நான் நடந்தே போறேன்" என்று சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டாள், ஒன்பதாவது படிக்கும் என் மகள். கோவையிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய சைக்கிள். அங்கே சமர்த்தாக ஓடியது, எங்கள் குன்னூருக்கு வந்ததும் முரண்டு பிடித்தது.

பிடிக்காதா பின்னே? மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயிலே, கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்லைப் பற்றிக்கொண்டுதானே ஏறுகிறது!

பின் சக்கரமும் துருப்பிடித்திருந்தது. "26 இஞ்ச் சக்கரமும் டயரும் வேணும்" என்று கடைக்குச் சொல்லியனுப்பினேன். வந்தது, மாட்டியும் ஆயிற்று. நல்லவேளை, முதலில் சமதரையில் ஒரு சுற்று விட்டுப் பார்க்கச் சொன்னேன். பிரேக் பிடித்தால் 'கரகர' சத்தம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால், பிரேக் கட்டை ரிம்மில் படாமல் டயரில் உரசிக்கொண்டிருக்கிறது! அப்படியே சிம்ஸ் பூங்கா பக்கத்து இறக்கத்தில் விட்டிருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது.

தப்பு என்னுடையதுதான். 'சைஸ் முப்பத்தாறு' என்று மட்டும் சொல்லி ரவிக்கை தைக்கக் கொடுப்போமா? தோள், கை, கழுத்து எல்லாம் சொல்ல மாட்டோமா? சைக்கிளுக்கும் அப்படித்தான். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

டயர்: 26 இஞ்ச் என்பது டயரின் வெளி அளவைத் தோராயமாகச் சொல்வது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். இரண்டாவது, டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் குறுக்களவு. இரண்டுமே மில்லிமீட்டரில். 26×1⅜ டயருக்கு அது 590, 26×1.75 டயருக்கு 559. இரண்டுமே '26'தான், ஆனால் வித்தியாசம் 31 மி.மீ.! பக்கத்துக்குப் பதினைந்தரை. எங்கள் பிரேக் கட்டை ரிம்மைத் தவறவிட்டது இதனால்தான். தாத்தா காலத்துப் பெரிய கறுப்பு சைக்கிளின் 28×1½ டயருக்கு இந்த எண் 635.

பல் சக்கரம்: பெடல் பக்கம் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருந்தது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும், வண்டி 5 மீட்டர் போகும். ஃப்ரீவீலை 22 பல்லாக மாற்றினோம். இப்போது சரியாக இரண்டு சுற்று, 4 மீட்டருக்குச் சற்று அதிகம். தூரம் குறைந்தது, மிதிக்கும் பாரமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பல் கூடினால் பழைய செயின் நீளம் பற்றாமல் போகலாம், பார்த்து வாங்குங்கள்.

செயின்: ஒரு ஆணியின் நடுவிலிருந்து அடுத்த ஆணியின் நடுவுக்கு அரை இஞ்ச். அப்படி 24 இடைவெளி அளந்தால் 12 இஞ்ச் வரவேண்டும். 12⅛ வந்தால் செயின் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். தையல் டேப் வேண்டாம், அது இழுபடும். இரும்பு ஸ்கேலால் அளப்பதே சரி.

பிரேக்: கட்டை முழுவதும் ரிம்மில்தான் படவேண்டும், டயரில் துளியும் படக்கூடாது. நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அலுமினிய ரிம் என்றால் கொஞ்சம் தேவலை.

சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து 590 அளவே வாங்கிப் போட்டோம். இப்போது மகள் பள்ளிக்கூட மேட்டில் முக்கால்வாசி இறங்காமலே ஏறிவிடுகிறாள். "மீதியையும் ஏறிடுவேன், பாரேன்!" என்கிறாள்.

இன்றைக்கே உங்கள் வீட்டு சைக்கிள் டயரில் உள்ள எண்ணையும், இரு பக்கப் பற்களையும் பார்த்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது கைகொடுக்கும்.