வேலையில குறை சொன்னா கூட நிக்கிறது யாரு? கோரல் மில் சொல்லும் பாடம்

தூத்துக்குடி:
துறைமுகம், உப்பளம், மில் எங்கே போனாலும் ஒரே கதைதான். சம்பளம் குறைவு, லீவு இல்லை, ஓவர்டைம் காசு வரலைன்னு ஒருத்தர் வாயைத் திறந்தால், பக்கத்தில் நிற்பவர் சொல்வது: "அண்ணாச்சி, நமக்கு எதுக்கு வம்பு?" டீக்கடையில் எல்லாரும் சேர்ந்து புலம்புவார்கள். ஆபீஸ் வாசலில் ஒருத்தர்தான் நிற்பார்.

ஆனால் இதே ஊரில் கதை வேறு மாதிரி நடந்திருக்கிறது.

9 நாள் ஸ்டிரைக்

1908 பிப்ரவரி 27-ந்தேதி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை, வேலை நேரக் குறைப்பு. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஊர்க்காரர்கள் கைகொடுத்ததால் வேலை இல்லாத நாட்களிலும் அடுப்பு எரிந்தது. 9 நாளில் வெள்ளைக்கார நிர்வாகம் இறங்கி வந்தது.

மார்ச் 12-ந்தேதி வ.உ.சி. கைதானார். உடனே மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை விட்டார்கள். வண்டிக்காரர், முடிதிருத்துபவர் என்று ஊரே சேர்ந்துகொண்டது.

என்ன வித்தியாசம்?

அன்று குறை "என்னுடையது" அல்ல, "நம்முடையது". அதோடு, வயிற்றுக்கு வழி இருந்தது. இன்று காண்டிராக்ட் வேலை. பக்கத்து ஆள் நல்லவர்தான். ஆனால் நாளைக்குக் கூப்பிட மாட்டாங்களோன்னு பயம். அவர் ஒதுங்குவதைத் துரோகம் என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த தொழில் உறவு சட்டத் தொகுப்பின்படி, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் தொழில் நிறுவனத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்கணும். முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மேல் கூடாது. பெண்களுக்கும் இடம் உண்டு. பிரச்சினை நடந்த ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 30 நாளில் விசாரணையை முடிக்கணும்.

நாலைந்து பேர் சேர்ந்து வேலை பார்க்கும் சின்ன இடங்களுக்கு இந்தக் குழு கிடைக்காது. அங்கே தொழிலாளர் துறை அலுவலகமும் சங்கமும்தான் வழி.

அதனால முதல் வேலை, பக்கத்து ஆளிடம் "உமக்கும் இந்தக் குறை இருக்கா?" என்று கேட்பது. இருந்தால் தேதி, தொகையோடு எழுதி, சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். ஒரு கையெழுத்துப் போட்டவரை ஓரங்கட்டுவது சுலபம். 20 கையெழுத்து என்றால் யோசிப்பார்கள்.

கூட வந்து நிற்க பயமா இருந்தால் பரவாயில்லை. குறை சொன்னவரை மேஸ்திரியிடம் போட்டுக்கொடுக்காமல் இருந்தாலே பாதி உதவி.