கூரைமேல் இரு சகோதரியர்



இம்மாதம் சிறுவர்க்கான படப்புத்தகம் ஒன்றைப் பற்றி எழுத முற்படுகிறேன். பங்குக் குருவுக்குப் படப்புத்தகம் எதற்கென்று நகைப்போர் நகைக்கட்டும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள கிங்ஸ்வில் என்னும் ஊரில் 1948இல் பிறந்தவர் கார்மென் லோமாஸ் கார்சா. மெக்சிக்கோ வழிவந்த குடும்பம், வீட்டுமொழி ஸ்பானியம். அவர் தீட்டிய ‘குடும்பச் சித்திரங்கள்’ என்னும் நூல் 1990இல் வெளிவந்தது. ஒவ்வோர் ஓவியத்திற்கும் துணையாக அவரது சிறுவயது நினைவொன்று ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் அச்சாகியுள்ளது.

ஓர் ஓவியத்தில் வீடு முழுவதும் அடுக்களையில் கூடியிருக்கிறது. ‘தமாலே’ என்பது ஏறக்குறைய நம் பனையோலைக் கொழுக்கட்டை போன்றது. மக்காச்சோள மாவில் இறைச்சி வைத்து, அக்கதிரின் உலர்ந்த மடலில் பொதிந்து அவிப்பர். தாத்தாவுடன் சிறுமியர் மடல்களை நனைக்கின்றனர். அம்மா மாவைப் பரப்புகிறார். பாட்டி அடுக்கி வைக்கிறார். சில வீடுகளில் பெண்கள் மட்டுமே செய்யும் வேலை இது. தம் வீட்டில் ஆண்களும் கைகொடுத்தனர் என்பதை ஆசிரியை மறவாமல் குறிக்கிறார். (நம் இல்லத் தலைவர்கள் கவனிக்க!)

மற்றோர் ஓவியம் ‘போசாதாஸ்’. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய ஒன்பது இரவுகளில், மரியாளும் சூசையப்பருமாக வேடம் பூண்ட சிறுவர் இருவர் வீட்டுக் கதவைத் தட்டி இடம் கேட்டுப் பாடுவர். உள்ளிருப்போர் முதலில் மறுப்பர். மீண்டும் பாடிய பின்னரே கதவு திறக்கும். பிறகு அனைவருக்கும் விருந்து.

இத்தனை இனிய மொழி பள்ளிவாயிலில் குற்றமாயிற்று. ஆங்கிலத்திலன்றிப் பொதுப்பள்ளிகளில் பாடம் கற்பிப்பது தண்டனைக்குரியதென 1918இல் டெக்சாஸ் சட்டம் இயற்றியது. அரை நூற்றாண்டு அது நீடித்தது. கார்மெனும் பள்ளியில் ஸ்பானியம் பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டவரே. அந்தக் காயத்திற்கு அவர் தேடிக்கொண்ட மருந்துதான் இவ்வோவியங்கள்.

இதனை அறிந்தபோது என் மனச்சான்று உறுத்தியது. முன்னர் நான் தாளாளராயிருந்த பள்ளியொன்றில், தமிழில் பேசும் மாணவரிடம் அபராதம் வாங்கினோம். பிள்ளைகளின் நன்மைக்கே என்று பெற்றோரிடம் விளக்கியவனும் நானே, அவர்களும் மகிழ்ந்தனர். புதிதாய்ச் சேர்ந்த சிறுவன் ஒருவன் சில நாள் யாரோடும் பேசாதிருந்தான். அடக்கமுள்ள பிள்ளை என்று அவனைப் பாராட்டினேன்! அவனிடம் காசு இல்லை என்பது பின்னரே தெரிந்தது.

அபராதத்தை நிறுத்தினேன். ஆயினும் அவன் வீட்டில் என்ன கதைகள் பேசினர், அவன் பாட்டி என்ன சமைத்தார் என்று ஒருநாளும் கேட்டேனில்லை.

நூலின் இறுதி ஓவியத்தில், கோடை இரவில் கார்மெனும் சகோதரியும் கூரைமேல் அமர்ந்து விண்மீன்களைக் காட்டிப் பேசுகின்றனர். ஓவியர் ஆகவேண்டும் என்பது கார்மெனுக்குப் பதின்மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டதாம். கீழே சன்னல் வழியாக அம்மா தெரிகிறார். பிள்ளைகள் உறங்குவதற்குப் படுக்கை விரித்துக்கொண்டிருக்கிறார்.