தரையைத் தொட்ட பின்னும் முடியாத தரையிறக்கம்: வால்சக்கர விமானங்கள் உணர்த்தும் பாடம்

புதுதில்லி: விமான விபத்து என்றதும் வானில் நேரும் கோளாறே பலரின் நினைவுக்கு வருகிறது. ஆனால், சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டு, வேகம் குறைந்துகொண்டிருக்கும் சில விநாடிகளிலும் விமானம் திசைதவறிச் சுழலக்கூடும். வாலின் அடியில் சிறு சக்கரம் கொண்ட சிறிய விமானங்களில் இந்த ஆபத்து அதிகம். விமானிகள் இதை 'கிரவுண்ட் லூப்' என்கின்றனர். இதில் உயிரிழப்பு அரிது என்றாலும், இறக்கை, சக்கரத் தாங்கி, புரொப்பெல்லர் ஆகியவை கடும் சேதத்துக்கு உள்ளாகலாம்.

இதற்கான காரணம் விமானத்தின் அமைப்பிலேயே உள்ளது. மூக்குச் சக்கரம் கொண்ட விமானத்தில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. சற்றே திரும்பினாலும் அந்த எடையே விமானத்தை மீண்டும் நேராக்கிவிடும். வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் அச்சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்துள்ளது. அதனால் சிறு திருப்பத்தையும் எடையின் உந்தம் மேலும் பெரிதாக்குகிறது.

வேகம் குறைவதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. காற்றோட்டம் குறையக் குறைய வால் சுக்கானின் ஆற்றலும் குறைகிறது. குறுக்குக் காற்று வீசினால், அது வாலைத் தள்ளி விமானத்தின் முகத்தைக் காற்று வரும் பக்கம் திருப்ப முயல்கிறது. தரையில் நிற்கும் நிலையில் மூக்கு உயர்ந்திருப்பதால், பல விமானங்களில் விமானியால் ஓடுபாதையை நேரே காண முடியாது. இருபுற விளிம்புகளைக் கொண்டே திசையைக் கணிக்க வேண்டும்.

எனவே, பக்கவாட்டு நகர்வு இன்றி நேராகத் தரையைத் தொடுவதே முதல் பாதுகாப்பு. பின்னர் சுக்கான் மிதிகளைச் சிறிதளவாகவும் உடனுக்குடனும் இயக்க வேண்டும். தாமதமான, மிகையான திருத்தம் எதிர்ப்பக்கச் சுழற்சிக்கு வழிவகுக்கும். திடீரென பிரேக்கை அழுத்தினால் விமானம் மூக்குக்குப்புறக் கவிழும் அபாயமும் உண்டு. தரையிறக்கம் சரியாக அமையவில்லை எனில், காலம் தாழ்த்தாமல் மீண்டும் மேலெழும்புவதே உகந்தது.

ஒரு காலத்தில் இந்தத் திறன் இந்திய விமானிகளின் அடிப்படைப் பாடமாக இருந்தது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கி, 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்டி-2 பயிற்சி விமானமும், 1958-இல் பறந்து பின்னர் பறத்தல் சங்கங்களில் பயன்பட்ட புஷ்பக் விமானமும் வால்சக்கர வகையைச் சேர்ந்தவை. அடுத்து வந்த எச்பிடி-32, 2013-இல் விமானப்படையில் சேர்ந்த பிலாட்டஸ் பிசி-7 ஆகியவை மூக்குச் சக்கரம் கொண்டவை. பறத்தல் பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் செஸ்னா 172 விமானமும் அவ்வகையே.

அமெரிக்காவில் வால்சக்கர விமானத்துக்குத் தலைமை விமானியாகச் செயல்பட, பயிற்றுநரின் தனிச் சான்றொப்பம் தேவை. குறுக்குக் காற்றில் தரையிறங்குவதும், மீண்டும் மேலெழும்புவதும் அப்பயிற்சியில் அடங்கும். 1991 ஏப்ரல் 15-க்கு முன்பே இவ்வகை விமானத்தைத் தலைமை விமானியாக இயக்கியவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் பறத்தல் பயிற்சி நிறுவனங்களின் முதல் தரவரிசையை வெளியிட்டபோது, முதல் இரு தகுதிப் பிரிவுகளில் ஒரு நிறுவனமும் இடம்பெறவில்லை. விமானிகளின் தேவை பெருகிவரும் நிலையில், பயிற்சியின் தரம் எந்த அளவுக்குக் கவலைக்குரியது என்பதை இது காட்டுகிறது.

எல்லாப் பள்ளிகளும் வால்சக்கர விமானங்களை வாங்குவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால், அவை உணர்த்தும் பாடம் எல்லா வகை விமானங்களுக்கும் பொருந்தும். மூக்குச் சக்கரம் விமானியின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது; ஈரமான ஓடுபாதையும் பலத்த குறுக்குக் காற்றும் பொறுத்துக்கொள்வதில்லை. பறந்த மணிநேரங்களை எண்ணுவதோடு, குறுக்குக் காற்றில் மாணவர் எத்தனை முறை நேராகத் தரையிறங்கினார் என்பதையும் பயிற்றுநர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். விமானம் முழுமையாக நிற்கும் வரை தரையிறக்கம் நிறைவடைவதில்லை.