வெல்டிங் சிற்பத்துக்கு நிறம் ஏத்துறவங்க கவனத்துக்கு

1/9
போன மாசம் ஒரு கல்லூரி மாணவர் ராத்திரி நடுக்கத்தோட காய்ச்சல்னு வந்தார். உடம்பு வலி, நெஞ்சு இறுக்கம், வாயில ஒரு இரும்பு ருசி. வீட்ல டெங்குன்னு பயந்துட்டாங்க. ரத்தப் பரிசோதனையில எதுவும் இல்ல. "இன்னைக்கு பகல்ல என்ன வேலை பார்த்தீங்க தம்பி?"ன்னு கேட்டேன்.

2/9
பழைய செயின், பேரிங், ஜி.ஐ. பைப் வச்சு வெல்டிங்ல மயில் செஞ்சிருக்கார். நீல நிறம் வரணும்னு கேஸ் டார்ச்சால சுட்டிருக்கார். ஜி.ஐ. மேல இருக்கிறது துத்தநாகப் பூச்சு. அது 907 டிகிரி செல்சியஸ்ல கொதிச்சு ஆவியாகிடும். இரும்பு உருகவே சுமார் 1500 டிகிரி வேணும்.

3/9
அந்த வெள்ளைப் புகையைச் சுவாசிச்சா சில மணி நேரம் கழிச்சு காய்ச்சல் வரும். பேரு உலோகப் புகைக் காய்ச்சல். பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல சரியாகிடும். பால் குடிச்சா வராதுங்கிறது வெறும் நம்பிக்கை.

4/9
வெல்டிங் பண்ணும்போது ஷீல்டு, கையுறை எல்லாம் போட்டவர், நிறம் ஏத்தும்போது கர்ச்சீப் மட்டும் கட்டியிருக்கார். என் ஆதங்கமே இதுதான். தீப்பொறிக்கு பயப்படுறோம். ஃபினிஷிங்கை மட்டும் அழகு வேலைன்னு நினைக்கிறோம். என்னைக் கேட்டா, அது ரசாயன வேலை.

5/9
எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க குளோரின் கலந்த கிளீனர் அடிச்சுட்டு, ஈரம் காயாம வெல்டிங் வைக்காதீங்க. பாஸ்ஜீன் வாயு உருவாகலாம். முதல்ல லேசான எரிச்சல்தான் இருக்கும். பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோர்க்கும்.

6/9
எஸ்.எஸ். சிற்பத்துல வெல்டிங் கறை போக்கத் தடவுற பிக்லிங் பேஸ்ட்ல ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். பட்டவுடனே வலிக்காமலும் போகலாம். ஆனா உள்ளே இறங்கி ரத்தத்துல கால்சியத்தைக் குறைச்சு, இதயத் துடிப்பையே பாதிக்கும். பட்டா உடனே தண்ணியில நல்லா கழுவிட்டு, பேஸ்ட் பேரைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பட்டறையிலேயே இருக்கணும்.

7/9
ஹார்டனர் கலந்து அடிக்கிற கார் பெயின்ட்ல ஐசோசயனேட் உண்டு. அது ஆஸ்துமாவைக் கொண்டு வரும். ஒரு தடவை ஒவ்வாமை வந்துட்டா, அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க், என்95 எதுவும் இந்த ஆவியைத் தடுக்காது. வீட்டு மொட்டை மாடியில அடிக்காதீங்க. பெயின்ட் பூத், தனிக் காற்றுக்குழாய் மாஸ்க் வச்சிருக்கிறவங்ககிட்ட குடுத்துடுங்க.

8/9
அப்போ நிறமே வேண்டாமா? வேணும். பூச்சில்லாத சாதா இரும்பை நல்லா தேய்ச்சு, மெதுவா சூடாக்குங்க. சுமார் 220 டிகிரியில வைக்கோல் மஞ்சள், 300 பக்கத்துல நீலம். அப்புறம் ஆறவிட்டு மெழுகு. துருவே ஒரு நிறம்தான்! இங்கிலாந்துல கேட்ஸ்ஹெட் ஊர்ல 1998-ல ஆண்டனி கார்ம்லி நிறுத்தின 20 மீட்டர் தேவதைச் சிலைக்கு பெயின்ட்டே கிடையாது. அந்த வகை ஸ்டீல்ல படியற துருவே பாதுகாப்புப் படலமா மாறிடும். சாதா இரும்புல துரு அப்படி நிக்காது. மேல மெழுகோ லாக்கரோ அவசியம்.

9/9
கல்லூரிகள் சிற்பப் போட்டி வைங்க, சந்தோஷம். கூடவே காத்தோட்டமான இடமும், வேலைக்கேத்த மாஸ்க்கும் குடுங்க. சக மருத்துவர்களே, காய்ச்சல்னு வந்தா "என்ன வேலை பார்த்தீங்க?"ன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. அந்தத் தம்பி இப்போ நலம். அடுத்த மயிலுக்கு ஜி.ஐ. பைப் வேண்டாம்னு ஒதுக்கி வச்சுட்டாராம்.