மருத்துவமனையில் நகைக்கலாமா?

சில வாரங்களுக்கு முன் காலை வழிபாட்டில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஒரு கதை சொன்னார். கிணற்றில் விழுந்த ஒருவரைத் தூக்க ஊரார் கயிறு இறக்கினார்களாம். அவரோ தண்ணீரில் தத்தளித்தபடி, "இது யார் வீட்டுக் கயிறு?" என்று விசாரித்தாராம். சம்பந்தி வீட்டுக் கயிறு என்று தெரிந்ததும், "அவர்கள் தயவில் நான் மேலே வருவதா?" என்று கயிற்றை விட்டுவிட்டாராம். வெளிநோயாளர் கூடத்தில் பலரும் வாய்விட்டுச் சிரித்தனர்.

அன்று நண்பகலில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு பெரியவரின் மகள் எங்களிடம் வந்தார். "டாக்டர், உள்ளே எங்க அப்பா உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கார். வெளியே பாவம், மரணம்னு பேசிக்கிட்டே சிரிக்க வைக்கிறீங்க. இது நியாயமா?" என்றார். தக்க விடை அப்போது எங்களிடம் இல்லை. அவருடைய இசைவோடு அந்தக் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

மீட்பைப் பற்றிப் பேச அன்றாட வேடிக்கையைக் கையாள்வது தகும் என்பதே எங்கள் கருத்து. அச்சுறுத்திப் பேசுவதைவிட அதுவே உண்மைக்கு நெருக்கமானது என்றும் சொல்வோம். ஆனால் யாரைக் கண்டு சிரிக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

இதய நோய்ப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு அந்தக் கிணற்றுக்காரர் நன்கு அறிமுகமானவர். நள்ளிரவில் நெஞ்சு அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. "கேஸ்தான்" என்று அவரே தீர்ப்பு எழுதிவிடுகிறார். ஓமத் தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், சோடா என்று வைத்தியம் வரிசையாக நடக்கிறது. மனைவி அழத் தொடங்கிய பிறகு, "உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்கிறார். ஒருவழியாக வந்து சேர்ந்தாலும் சக்கர நாற்காலியில் உட்கார மாட்டார். நடந்தே வருவேன் என்பார்.

மற்றவரை மட்டும் சொல்லவில்லை. எங்கள் மருத்துவர்களுள் ஒருவரே தமக்கு வந்த நெஞ்செரிச்சலுக்கு இரண்டு நாள் அமிலமுறி மாத்திரையை விழுங்கிக்கொண்டு நோயாளிகளைப் பார்த்துவந்தார். மூன்றாம் நாள் அவருக்கு இ.சி.ஜி. எடுத்து, தாளைக் கையில் பிடித்தபடி எதுவும் சொல்லத் துணியாமல் நின்றவர், அவரிடம் பாடம் படித்த மாணவர். அவர் பிழைத்தார். இன்றும் அதைச் சொல்லி அவரே சிரிக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல எங்கள் தொழில் விடாது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி அடைபட்டால், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிந்துகொண்டே போகிறது. அந்த வலி தோள், தாடை, மேல்வயிறு ஆகிய இடங்களிலும் தெரியலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். சோடா குடித்து ஏப்பம் வந்ததும் சற்று இதமாக இருப்பது, இதயத்தில் குறையில்லை என்பதற்குச் சான்றாகாது. ஐயம் தோன்றினால் உடனே வாருங்கள்.

கிறிஸ்தவர்கள் பாவம் என்று சொல்லும்போது, பலர் குற்றங்களின் பட்டியல் ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். அதன் வேர் இந்தச் சோடாப் புட்டியில் இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கொன்றும் இல்லை, இருந்தாலும் நானே பார்த்துக்கொள்வேன், யார் தயவும் வேண்டாம் என்கிற பிடிவாதம் அது. முதலில் தேறிக்கொண்டு பிறகு கடவுளிடம் போகலாம் என்று நினைப்பவருக்கும், தேறிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பவருக்கும் வேறுபாடு அதிகம் இல்லை. நோயுற்றவர்களுக்கே மருத்துவர் தேவை என்று இயேசு கூறியதும் இதைத்தான்.

அடைப்பை நீக்கும் சிகிச்சையின்போது, மணிக்கட்டுத் தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட இடத்துக்கே சென்று அதைத் திறக்கிறோம். மேசையில் கிடப்பவர் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பது ஒன்றே. அது பலருக்கு எத்துணைக் கடினம்! "நான் ஏதாவது பிடிச்சுக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டவரும் உண்டு. ஆயினும் இவ்வுவமை ஓர் இடத்தில் நொண்டுகிறது. சிகிச்சை செய்யும் நாங்கள் மேசைக்கு வெளியே நலமாக நிற்கிறோம். கிறிஸ்துவோ கரையில் நின்று கயிறு இறக்கவில்லை. தாமே கிணற்றுக்குள் இறங்கி, நம் சாவைத் தாம் ஏற்றார் என்பதே எங்கள் நம்பிக்கை.

திருமறையே இத்தகைய நகைப்புக்கு இடம் தருகிறது. துரோவா பட்டணத்தில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போனார். சன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் தளத்திலிருந்து விழுந்தான், பிணமாகத் தூக்கப்பட்டான். பவுல் இறங்கிவந்து அவனைத் தழுவிக்கொள்ள, அவன் பிழைத்தான். அதன் பிறகு பவுல் மாடியேறி, விடியும்வரை மீண்டும் பேசினார்! நீண்ட பிரசங்கம் கேட்டுத் தூங்கியவனைக் கடவுள் கைவிடவில்லை என்பதில் எங்களுக்குத் தனிப்பட்ட ஆறுதலும் உண்டு.

உயிர்த்தெழுந்த நாளின் காலையில் கல்லறைக்குச் சென்ற பெண்களின் நிலை இன்னும் நுட்பமானது. உடலுக்குப் பூச நறுமணப் பொருள்களை வாங்கிக்கொண்டு, வாசல் கல்லை யார் புரட்டித் தருவார் என்று கவலைப்பட்டபடி நடக்கிறார்கள். கல் ஏற்கெனவே புரட்டப்பட்டிருக்கிறது. பூச உடலும் இல்லை.

பழங்காலத்தில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில், உயிர்த்தெழுதல் திருநாளன்று குருமார் வேடிக்கைக் கதைகள் சொல்லிச் சபையைச் சிரிக்க வைக்கும் வழக்கம் இருந்தது. மரணம் ஏமாந்துபோன நாள் அல்லவா! சிலர் எல்லை மீறினர். 1518இல் ஏக்கொலம்பாடியுஸ் என்னும் இறையியல் அறிஞர் அதைக் கண்டித்து எழுதினார். கண்டனத்தில் நியாயம் இருந்தது. சிரிக்க வைக்கும் ஆசையில் சொல்ல வந்ததை மறந்துவிடும் போதகரை நாங்களும் கேட்டிருக்கிறோம்.

ஆகவே வேடிக்கை எங்கள் மீதும், நலமாக இருப்பவர் மீதும் விழட்டும். படுத்திருப்பவர் மீது வேண்டாம். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றோரும் அல்ல என்று இயேசு மறுத்துவிட்டார். நோயாளியிடம் வந்து, உன் பாவத்துக்குத்தான் இது வந்தது என்று சொல்லும் பார்வையாளரை, அவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும், மரியாதையாக வெளியே அனுப்பும்படி செவிலியரிடம் கூறியிருக்கிறோம்.

கேள்வி கேட்ட மகளின் தந்தையும் இரண்டு நாள் தாமதித்து வந்தவர்தாம். நாங்கள் இயன்றதெல்லாம் செய்தும் நான்காம் நாள் இரவு அவர் காலமானார். செவிலியர் அவருடைய உடைமைகளை ஒரு பையில் போட்டு மகளிடம் ஒப்படைத்தார். சட்டைப்பையில் ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தார். பாதி தின்ற இஞ்சி மரப்பாப் பொட்டலம். அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைசி வரைக்கும் கேஸுன்னே நினைச்சிருக்கார், பாருங்க டாக்டர்" என்றார். ஒரு வில்லையை எடுத்து எங்களிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டோம்.