சுறாப்புட்டும் லேவியராகமமும்

புனேயின் ஸ்பைசர் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகம் தமிழகத்துக்கு அந்நியமல்ல. 1915-ல் கோயம்புத்தூரில் சிறு பயிற்சிப் பள்ளியாகத் துவங்கி, பெங்களூர் போய், 1942-ல் புனே வந்து சேர்ந்த நிறுவனம் அது. அதை நடத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கொள்பவர்கள். பன்றி, இறால், நண்டு கூடாது, முடிந்தால் சைவமே நல்லது என்பது அவர்கள் போதனை. அதே புனேயில் கோவா கத்தோலிக்கர் வீட்டுக் கிறிஸ்துமஸுக்குப் பன்றி இறைச்சி இல்லாவிட்டால் ருசிக்காது. லேவியராகமம் இருவர் பைபிளிலும் இருக்கிறது.

அதன் 11-ம் அதிகாரம் கறாரானது. விரிகுளம்பு உள்ள, அசைபோடும் மிருகம். சிறகும் செதிளும் உள்ள மீன். இவையே சுத்தம். அப்படியானால் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் சுறாப்புட்டு போச்சு. நண்டு ரசம் போச்சு. இறாலை நம்பிப் பிழைக்கும் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர் என்ன செய்வது?

இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் 1857-ல் மிஷனரிகளை விட்டு விலகித் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வு, பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள் எல்லாம் அங்கே உண்டு. வெள்ளைக்காரப் பாதிரி சொல்லாமலே வேதத்தைப் படிக்க எங்களுக்குத் தெரியும் என்ற சுயமரியாதை அதில் இருந்தது.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களை அடையாளம் காட்டியதே செதிளில்லாத மீனைத் தொடாத வழக்கம்தான் என்பது அவர்கள் மரபு. யூதருக்கு அந்தச் சட்டம் அடையாளம். கிறிஸ்தவருக்கு?

அப்போஸ்தலர் நடபடிகள் 10-ம் அதிகாரத்தில் பேதுரு ஒரு தரிசனம் காண்கிறார். விலக்கப்பட்ட பிராணிகளை அடித்துப் புசி என்கிறது குரல். அவர் புரிந்துகொண்டது இறைச்சி விஷயமல்ல. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாது என்பதே. தமிழ் பைபிளில் அங்கே வரும் சொல் 'தீட்டு'. நம் ஊரில் அந்தச் சொல் யார் யாரை எந்தத் தெருவில் நிறுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டை வைத்து மனிதனை அளந்த நாட்டில், சபையும் அதே தராசைத் தூக்குவது ஆபத்து.

எல்லாம் ரத்து என்று குதிப்பவர்களும் 15-ம் அதிகாரத்தைத் தாண்ட வேண்டும். பிற இனத்திலிருந்து வந்த விசுவாசிகளும் இரத்தத்தை விலக்க வேண்டும் என்று எருசலேமில் தீர்மானித்தார்கள். ரத்தப் பொரியலை ரசிப்பவர்கள் அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஆரோக்கியம் என்ற வாதமும் உண்டு. கலிபோர்னியாவின் அட்வென்டிஸ்டுகள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்வதாக ஆய்வுகள் கண்டன. ஆனால் புகை பிடிக்காததும், காய்கறி, பருப்பு, கொட்டைகளும், உடற்பயிற்சியும் அதில் சேர்ந்தவை. லேவியராகமம் மட்டனைத் தடுக்கவில்லையே!

ஆகவே கட்டாயம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை, கேலிக்கும் இடமில்லை. மாமியார் சி.எஸ்.ஐ., மருமகள் அட்வென்டிஸ்ட் என்ற வீட்டில் பவுலின் யோசனையே உதவும்: என் சாப்பாடு சகோதரனுக்கு இடறலானால் அதை விட்டுவிடுவேன் என்றார் அவர். மருமகள் வந்த வீட்டில் நண்டுக் குழம்புக்குத் தனிச் சட்டி வைப்பது பெரிய தியாகமல்ல. அந்தச் சட்டியைப் பார்த்து அவள் முகம் சுளிக்காமலிருப்பதும் அப்படியே.