யார் வீட்டுப் பிள்ளை?



நம் கொங்குச் சீமையின் ஊர்களில் அறிமுகமில்லாத சிறுவனையோ சிறுமியையோ வழியில் கண்டால், பெரியவர்கள் முதலில் கேட்பது, "கண்ணு, நீ யாரூட்டுப் பிள்ளை?" என்பதே. பெயரைப் பிறகு கேட்டுக்கொள்வார்கள். முதலில் தெரிய வேண்டியது வீடு. பிள்ளையும் தயங்காமல் தாத்தாவின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ சொல்லிவிட்டு ஓடிவிடும். விடை எளிதாயிருக்கும்வரை அக்கேள்வியின் கனம் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் போருக்கு அஞ்சி, தாயையும் தந்தையையும் விட்டு, அயல்மண்ணில் வந்திறங்கிய ஒரு குழந்தையிடம் இதே கேள்வியைக் கேட்டால் அது என்ன சொல்லும்? இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இதற்காக நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தொண்டாமுத்தூரின் சுற்றுவட்டாரத்திலேயே, சிறுவாணிச் சாலையில் ஆலாந்துறையை அடுத்த பூலுவபட்டியில், இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று நெடுங்காலமாக இருந்து வருகிறது. நம் வீடுகளுக்கு வர்ணம் பூச வரும் இளைஞர்களில் எத்தனையோ பேர் இத்தகைய முகாம்களில் வளர்ந்தவர்கள். அவர்களோடு கூலி பேசியிருக்கிறோம், தேநீர் கொடுத்திருக்கிறோம். அவர்கள் யார் கையைப் பிடித்துக்கொண்டு இந்நாட்டுக்கு வந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்தோம்?

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்க்கெதிராக மூண்ட வன்செயலுக்குப்பின், பாக்கு நீரிணையைத் தாண்டி மக்கள் வரத் தொடங்கினர். 1987 வரை ஏறத்தாழ 1,34,000 பேர் வந்ததாக அரசுக் கணக்குகள் கூறும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் பல்லாயிரவர் வந்தனர். 1995க்குப் பின்னும் 2006க்குப் பின்னும் இவ்வாறே. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆயினும் இரவில், விளக்கின்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகில் அது எவ்வளவு நீண்ட வழி! மண்டபம் முகாமில் பெயர் பதிந்தபின் அவர்கள் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். கடலோசையில் கண்வளர்ந்த பிள்ளை, கடலே காணாத வெள்ளியங்கிரி மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

எல்லாக் குடும்பங்களும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. தந்தை கைது செய்யப்பட்டோ கொல்லப்பட்டோ போயிருப்பார். தாய், நோயுற்றவரை விட்டுவர இயலாமல் பின்தங்கியிருப்பாள். வளர்ந்த பிள்ளையைப் படைவீரர் பிடித்துச் செல்வரோ, போராளிகள் தம் அணியில் சேர்த்துக்கொள்வரோ என்ற இருவகை அச்சமும் பெற்றோரை வாட்டியது. ஆலயமும் அரணாக நில்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்த மடு மாதா திருத்தலத்திலேயே 1999 நவம்பர் 20 அன்று எறிகணைகள் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இந்நிலையில், "நீயாவது பிழைத்துக்கொள்" என்று பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ மாமனிடமோ பிள்ளையை ஒப்படைத்துப் படகில் ஏற்றிவிட்ட தாய்மார் உண்டு. நாம் அம்மிச்சி என்பவரை அவர்கள் அம்மம்மா என்பார்கள். அந்த அம்மம்மாவின் சேலைத் தலைப்பே அப்பிள்ளைக்கு அன்று எஞ்சியிருந்த வீடு.

பிள்ளைகளைப் போரினின்று காக்கப் பெற்றோரிடமிருந்து பிரித்தனுப்புவது வேறு நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. 1939 செப்டம்பர் முதல் மூன்று நாள்களில், குண்டுவீச்சுக்கு அஞ்சிய இங்கிலாந்து அரசு, நகரங்களிலிருந்து சுமார் 15 இலட்சம் பேரை நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டுக் குத்தி, ஊர்ப் பொதுமண்டபங்களில் நிறுத்தி வைத்தார்கள். ஊரார் வந்து, தமக்கு வேண்டிய பிள்ளையைத் தெரிந்து அழைத்துச் சென்றனர். நம் சந்தைகளில் கன்று பார்ப்பதுபோலப் பார்த்தனர் என்றாலும் தகும். யாரும் கைநீட்டாமல் கடைசிவரை நின்ற பிள்ளையின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அப்போரின்போது அன்னா பிராய்டு, டாரதி பர்லிங்காம் என்னும் இரு மாதர் லண்டனில் குழந்தைக் காப்பகங்கள் நடத்தினர். அவர்கள் கண்டறிந்தது சிந்திக்கத்தக்கது. தாயின் மடியிலிருந்து குண்டோசையைக் கேட்ட குழந்தையைக் காட்டிலும், பாதுகாப்பான இடத்தில் தாயைப் பிரிந்திருந்த குழந்தையே மிகுதியாகத் துன்புற்றது. உணவும் உடையும் செவிலியரும் குறைவின்றி இருந்தும் பிள்ளைகள் வாடினர். ஆகவே அவர்கள் ஒரு மாற்றம் செய்தனர். நான்கைந்து குழந்தைகளைச் சேர்த்துச் சிறு குடும்பமாக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருத்தியைத் தாயாக நியமித்தனர். முதலில் அழுகையும் பொறாமையும் பெருகின. தம் தாயைப் பிறர் தொடக்கூடாதென்று பிள்ளைகள் சண்டையிட்டன. பின்னர் அதே பிள்ளைகளிடம் பேச்சும் நல்வழக்கங்களும் விரைந்து வளர்ந்தன. எல்லாரும் பொதுவாகக் காட்டும் பரிவு குழந்தைக்குப் போதாது. "இது என் பிள்ளை" என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

அவ்வாறு சொன்ன ஒருவரை நம் நாட்டு வரலாற்றிலேயே காண்கிறோம். 1939 இல் போலந்து நாட்டை மேற்கிலிருந்து ஜெர்மனியும் கிழக்கிலிருந்து சோவியத் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொண்டன. கிழக்குப் பகுதியினின்று பெருந்திரளான குடும்பங்கள் சைபீரியாவுக்கும் கஸக்ஸ்தானுக்கும் கடத்தப்பட்டன. பசியிலும் குளிரிலும் பெற்றோர் மடிய, எஞ்சிய பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் 1942 இல் ஈரான் வழியாக லாரிகளில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை ஏற்க முன்வந்தவர், குஜராத்தின் நவாநகர் சமஸ்தான மன்னர் ஜாம் சாகிப் திக்விஜய்சிங்ஜி. ஜாம்நகருக்கு அருகே கடலோரத்துப் பாலாசடியில் தம் பொறுப்பில் அவர்களுக்கு முகாம் அமைத்தார். பல நூறு பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர்.

வந்த பிள்ளைகளிடம் அவர், நீங்கள் இனி அநாதைகள் அல்லர், நவாநகர் மக்களுக்குத் தந்தையாகிய நான் உங்களுக்கும் தந்தை என்னும் பொருள்படப் பேசியதாக அங்கு வளர்ந்தோர் முதுமையிலும் நினைவுகூர்ந்தனர். "பாபு" என்றே அவரை அழைத்தனர். மன்னர் இந்து, பிள்ளைகளோ பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்களைத் தம் மதத்துக்கோ மொழிக்கோ மாற்ற அவர் முயலவில்லை. முகாமை நடத்தப் போலந்துக் குருவான தந்தை பிரான்சிஸ்செக் புளூட்டா இருந்தார். போலந்து மொழியில் பள்ளி நடந்தது. போலந்துக் கொடி பறந்தது. திருப்பலியும் கிறிஸ்து பிறப்பு விழாவும் தம் நாட்டு முறைப்படியே நடந்தன. போர் முடிந்து, தாயகத்தில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டு, பிள்ளைகளை அவர்தம் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பியனுப்ப நேருமோ என்ற ஐயம் எழுந்தபோது, மன்னரும் தந்தை புளூட்டாவும் சட்டப்படியே அவர்களுக்குப் பொறுப்பேற்று நின்றனர். சொல்லால் தந்தையானவர், வேண்டிய வேளையில் கையெழுத்தாலும் தந்தையானார். வார்சா நகரில் இன்று ஒரு சதுக்கம் நல்ல மகாராஜா என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மன்னருக்கு அரண்மனை இருந்தது. நம் முகாமின் அம்மம்மாவுக்கோ பத்தடிக் குடிசையும் அரசின் உதவித்தொகையுமே இருந்தன. எனினும் இருவரும் செய்த பணி ஒன்றே. அதனை உற்று நோக்கினால், அடைக்கலப் பிள்ளைக்கு வீடு எவ்வாறு அமைகிறது என்பது விளங்கும்.

முதலாவது, பிள்ளையின் விந்தையான நடத்தையைக் குற்றமாகக் கொள்ளாமை. பசியைக் கண்ட போலந்துப் பிள்ளைகள், உணவு நிறைய இருந்த இடத்திலும் ரொட்டித் துண்டுகளைத் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தனர். எறிகணை கேட்டு வளர்ந்த பிள்ளை தீபாவளி வெடிக்கு அஞ்சிக் கட்டிலுக்கடியில் புகலாம். ஏழெட்டு வயதிலும் படுக்கையை நனைக்கலாம். நாள்கணக்கில் வாய் திறவாதிருக்கலாம். அடித்துத் திருத்துவதற்குரிய பழக்கங்கள் அல்ல இவை. அதே வேளையில் சோறு, அதே முகம், அதே குரல் என்று நாள்தோறும் தவறாமல் கிடைத்து வந்தால், அச்சம் தானே மெல்ல விலகும்.

இரண்டாவது, பிறந்த வீட்டை அழிக்காமை. "அதையெல்லாம் மறந்துவிடு, இனி நான்தான் உன் அம்மா" என்று அன்பு மிகுதியால் சொல்வோர் உண்டு. மறக்கச் சொல்வதும் ஓர் இழப்பே. பெற்றோரின் பெயரை வீட்டில் சொல்ல வேண்டும். நிழற்படம் இருப்பின் சுவரில் மாட்ட வேண்டும். அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று பிள்ளை கேட்டால், அறிந்த உண்மையைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். போரில் பிரிந்த பிள்ளையை அவசரப்பட்டுத் தத்துக் கொடுக்கலாகாது. முதலில் பெற்றோரையும் உற்றாரையும் தேட வேண்டும் என்பதே செஞ்சிலுவைச் சங்கம் முதலியன கைக்கொள்ளும் நெறி.

ஏரோதின் வாளுக்குத் தப்பி எகிப்துக்கு இரவோடிரவாகக் கொண்டு செல்லப்பட்ட ஒரு குழந்தையை நாம் வழிபடுகிறோம். அக்குழந்தையைக் காத்த சூசையப்பர், அது தம் உதிரத்தில் பிறந்ததன்று என அறிந்தவர். அறிந்தே பெயரிட்டார், அறிந்தே உழைத்துச் சோறூட்டினார். வளர்ப்புத் தந்தை என்னும் சொல்லைத் தாழ்வாக எண்ணுவோர் நம் பீடங்களில் நிற்கும் அவர் உருவத்தை ஒருமுறை நோக்குவார்களாக.

மூன்றாவது கடமை பாதுகாவலருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. வளர்ப்பவர் முதியவர். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது பாட்டிக்கு அறுபது. அது பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் அவர் எழுபதை எட்டிவிடுவார். தாம் கண்மூடினால் இப்பிள்ளை யார் வீட்டுக்குப் போகும் என்பதே அவர் இரவெல்லாம் உறங்காமல் எண்ணும் எண்ணம். ஆகவே அத்தகைய ஒவ்வொரு வீட்டுக்கும் அருகே இரண்டாவது வீடு ஒன்று அமைய வேண்டும். பாட்டி மருத்துவமனைக்குப் போகும் நாளில் பிள்ளையை வைத்துக்கொள்ளவும், பள்ளியில் பெற்றோரை அழைக்கும் நாளில் உடன் செல்லவும், திருவிழா நாளில் தம் பந்தியில் உட்கார வைக்கவும் இளவயதுக் குடும்பம் ஒன்று துணை நிற்கட்டும். திருமுழுக்கில் ஞானப்பெற்றோராய் நின்றவர்கள் புத்தாடை கொடுத்ததோடு தம் பணி முடிந்ததென எண்ணலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆதரவற்ற குழந்தையை நல்ல எண்ணத்தோடேனும் நாமாக வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொள்வது சரியன்று. 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின்படி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் வழியாகவே வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பும் நடைபெற வேண்டும். 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்குத் தெரிவித்தாலே வழி காட்டுவார்கள். ஒழுங்கான கையெழுத்து, நாளை அப்பிள்ளையை யாரும் பறித்துச் செல்லாதிருக்கக் காவலாகும்.

தனியொருவர் கையெழுத்தால் மட்டும் தீராத குறையும் ஒன்றுண்டு. 1990 இல் ஆறு வயதில் வந்த பிள்ளை இன்று நாற்பதைக் கடந்துவிட்டது. இங்கேயே மணந்து, இங்கேயே மக்களைப் பெற்றுள்ளது. ஆனால் 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின்னர் இந்நாட்டில் பிறப்பது மட்டும் குடியுரிமைக்குப் போதாது. ஆகவே இலங்கைப் பெற்றோர் இருவருக்கும் முகாமில் பிறந்த குழந்தை குடிமகன் ஆவதில்லை. 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையினின்று வந்தோரைச் சேர்க்கவில்லை. 2021 இல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்னும் பெயரை மாற்றி மறுவாழ்வு முகாம் என அழைத்தது. புதிய வீடுகளும் கட்டித் தரத் திட்டமிட்டது. நல்லதே. ஆயினும், அம்மம்மாவின் கைப்பிடித்து வந்த தலைமுறையும் அதன் பிள்ளைகளும், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று நாடு கேட்கும்போது இன்னமும் விடையின்றி நிற்கின்றனர். இதனை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எடுத்துச் சொல்வது அரசியல் கலப்பென்று நாம் ஒதுங்கியிருக்க வேண்டுவதில்லை; அண்டை வீட்டாருக்காகப் பேசுவதே அது.

அடுத்த முறை சிறுவாணிச் சாலையில் செல்கையில், பூலுவபட்டியில் சற்று இறங்குங்கள். போர்க்கதை கேட்கப் போக வேண்டாம். சொல்ல விரும்பினால் அவர்களே சொல்வார்கள். அங்குள்ள முதியோரின் உடல்நலம் விசாரியுங்கள். பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள், மேற்படிப்புக்கு என்ன தடை என்று கேளுங்கள். வர்ணம் பூச வரும் இளைஞரிடம் கூலியோடு அவர் பாட்டியின் பெயரையும் கேட்டு வையுங்கள். நம் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு எழுதும் நாளில் அப்பெயர் நமக்கு உதவும்.